ஒரே சட்டத்தில் பல சிறகடிப்பு: பறவைப் படங்களில் மல்டிபிள் எக்ஸ்போஷர், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைப் படம் எடுக்கிறவர்களிடம் ஒரு மல்டிபிள் எக்ஸ்போஷர் படத்தைக் காட்டினால், அடுத்த பத்து நிமிடத்தில் வரப்போகும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. எளிதானவை முன்னால், குடைச்சலானவை பின்னால்.

"மல்டிபிள் எக்ஸ்போஷர்னா என்ன? ரெண்டு படத்தை ஒட்டுறதுதானே?"

ஒரே சட்டத்துக்குள், அதாவது ஒரே ஃப்ரேமுக்குள், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வெளிச்சத்தை விழவைப்பது. ஃபிலிம் காலத்தில் சுருளை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் மறுபடி ஏற்றி, அதே துண்டின் மேல் இன்னொரு தடவை எடுப்பார்கள். டிஜிட்டல் கேமராவில் சென்சார் ஒவ்வொரு தடவையும் தனிப்படம்தான் எடுக்கிறது. அவற்றைக் கணக்குப் போட்டு ஒன்றாக்கும் வேலையை உள்ளே இருக்கும் செயலி பார்த்துக்கொள்கிறது.

பறவைக்கும் இதற்கும் பழைய உறவு. 1882இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியென்-ழூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து, பறக்கும் பறவைகளை வினாடிக்கு 12 படம் வீதம் பதிந்தார். அதே ஆண்டிலேயே, அசைவின் பல நிலைகளை ஒரே கண்ணாடித் தகட்டில் பதிக்கும் முறைக்கும் போனார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது கறுப்புப் பின்னணி. கறுப்பிலிருந்து வெளிச்சம் வராது, தகடு அந்த இடத்தில் காலியாகவே கிடக்கும், அடுத்த நிலை வந்து உட்கார இடம் இருக்கும். கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்தக் கறுப்புத் திரையிலேயே இருக்கிறது: இந்த வகைப் படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பின்னணியை, அப்புறம்தான் பறவையை.

"என் கேமராவுல இந்த வசதி இருக்கான்னே தெரியல. எங்க தேடுறது?"

படப்பிடிப்பு மெனுவில் 'மல்டிபிள் எக்ஸ்போஷர்' என்ற பெயரிலேயே இருக்கும். ஃபியூஜிஃபிலிமில் சில மாடல்களில் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் டிரைவ் டயலில் இருக்கும். கேனானில் பொதுவாக 2 முதல் 9 தடவை வரை, நிக்கானின் புதிய மாடல்களில் 10 வரை சேர்க்கலாம். சில கேமராக்களில் இரண்டே தடவைதான், சிலவற்றில் வசதியே கிடையாது. இல்லையென்றால் கவலை வேண்டாம், மென்பொருளில் செய்வது பற்றிப் பின்னால் வருகிறது.

"நாலு மோடு காட்டுது: அடிட்டிவ், ஆவரேஜ், பிரைட், டார்க். எதைப் போடணும்?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் பிடிபட்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும். நிக்கானில் கடைசி இரண்டுக்கும் லைட்டன், டார்க்கன் என்று பெயர், வேலை அதேதான்.

அடிட்டிவ் என்பது கூட்டல். ஒவ்வொரு தடவையும் விழுந்த வெளிச்சம் முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும், ஃபிலிம் நடந்துகொண்ட விதம் இதுதான். ஆவரேஜ் என்பது சராசரி, கூட்டி எண்ணிக்கையால் வகுத்துவிடும். பிரைட், டார்க் இரண்டும் கூட்டுவதில்லை, ஒப்பிடும். ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படம் அதிக வெளிச்சமோ அதை பிரைட் வைத்துக்கொள்ளும். எது அதிக இருட்டோ அதை டார்க் வைத்துக்கொள்ளும்.

ஆகவே கருமையான மரக்கூட்டத்தின் முன்னால் வெள்ளைக் கொக்கு பறக்கிறதா? பிரைட். வெளுத்த வானத்தில் காகமோ பருந்தோ கறுப்பாகத் தெரிகிறதா? டார்க். பறவை உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் கேமராவை அசைத்து விளையாடப் போகிறீர்களா? ஆவரேஜ். பறவையின் நிழலுருவத்துக்குள் வேறொன்றை நிரப்பப் போகிறீர்களா? அடிட்டிவ் அல்லது பிரைட். வயலுக்குப் போகும்போது இந்த நாலு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

"எல்லாம் சரியா வெச்சேன், ஆனா பறவை பேய் மாதிரி தெரியுது. ஊடுருவிப் பின்னாடி மரம் தெரியுது!"

ஆவரேஜில் எடுத்திருப்பீர்கள். ஐந்து தடவை எடுத்தால், குறிப்பிட்ட ஓர் இடத்தில் பறவை இருப்பது ஒரு தடவைதான், மீதி நாலு தடவை அங்கே மரம் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு பறவை, ஐந்தில் நாலு பங்கு மரம். பேயாகத்தான் தெரியும். எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட இன்னும் மங்கும். பறக்கும் வரிசைக்கு ஆவரேஜ் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சில நேரம் அந்தப் பேய்தான் படம். மூடுபனியில் நாணல் ஓரமாக நாரை நடந்து போவதை மூன்று தடவை ஆவரேஜில் எடுத்தால், வந்து போன தடம் மட்டும் மிச்சமிருப்பது போல ஒரு படம் கிடைக்கும். தெரிந்து செய்தால் உத்தி, தெரியாமல் விழுந்தால் பிழை.

"எக்ஸ்போஷரை எவ்வளவு குறைக்கணும்? மூணாவது தடவையிலேயே எல்லாம் வெளுத்துப் போச்சு."

குறைக்க வேண்டியது அடிட்டிவில் மட்டும். ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. 2 தடவைக்கு ஒவ்வொன்றும் 1 ஸ்டாப், 3 தடவைக்கு ஒன்றரை, 4 தடவைக்கு 2, 8 தடவைக்கு 3 ஸ்டாப் குறைவாக எடுக்க வேண்டும். எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு ஸ்டாப், அவ்வளவுதான் கணக்கு. ஆவரேஜில் கேமராவே வகுத்துவிடுகிறது. பிரைட்டும் டார்க்கும் கூட்டுவதே இல்லை என்பதால் அங்கேயும் இந்தக் கணக்கு வேண்டாம்.

இன்னொன்று. வரிசையின் நடுவில் கேமரா தானாக அளவை மாற்றிக்கொள்ளாமல் இருக்க மேனுவலுக்குப் போய்விடுங்கள், சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. பறவை சட்டத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பதறினால், ஒவ்வொரு தடவையும் வானம் ஒவ்வொரு நிறத்தில் வரும். டார்க் மோடில் அதில் இருட்டான வானம்தான் கடைசியில் நிற்கும்.

"ஒரே பறவை வரிசையா ஏழெட்டு தடவை பறக்கிற மாதிரி படம் பார்த்தேன். அது எப்படி? என்கிட்ட 600 எம்எம் லென்ஸ் இல்லையே?"

600 மி.மீ. இல்லாதது நல்லது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலகிலிருந்து கால்நுனி வரை 1 மீட்டர் நீளமுள்ள நாரை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 20 படம் எடுத்தால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் அது அரை மீட்டர்தான் நகரும், பாதி உடம்பு முந்தையதன் மேல் ஏறி நிற்கும். வினாடிக்கு 10 என்றால் ஒன்றின் கால் நுனியை அடுத்ததன் அலகு தொடும். வினாடிக்கு 5 என்றால் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளி, ஒவ்வொன்றும் தனியாக மூச்சுவிடும். இந்த 5 படக் கணக்கில் 9 தடவை எடுக்க 17 மீட்டர் அகலம் சட்டத்துக்குள் வேண்டும். நீண்ட லென்ஸில் அது அடங்காது. பறவை சட்டத்தில் சிறியதாகத்தான் இருக்கும், இருக்கட்டும். பறவையின் அழகைக் காட்டும் படம் வேறு, அது போன வழியைக் காட்டும் படம் வேறு.

செய்முறை இப்படி. கேமராவை ட்ரைபாடில் கட்டி, பறவைகள் திரும்பத் திரும்பக் கடக்கும் வழியைப் பார்த்து வையுங்கள். மாலையில் கூடு திரும்பும் கொக்குகளுக்கு அநேகமாக ஒரே தடம்தான். ஃபோகஸை அந்தத் தூரத்தில் மேனுவலாக நிறுத்திவிடுங்கள், ஆட்டோ ஃபோகஸ் ஏதாவது ஒரு தடவை பின்னாலுள்ள மரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஷட்டர் வேகம் 1/1000 வினாடி அல்லது அதைவிட வேகம். டிரைவ் மோடில் மெதுவான தொடர் வேகத்தைத் தேர்ந்தெடுத்து, பறவை சட்டத்துக்குள் முழுதாக வந்ததும் அழுத்துங்கள். கேமரா பறவையின் பின்னாலேயே ஓடக் கூடாது. வழக்கமான பறவைப் படத்துக்குப் பழகிய கை ஓடத்தான் பார்க்கும், அதனால்தான் ட்ரைபாட்.

கேனானில் இதற்கென்று தொடர் படப்பிடிப்புக்கு முன்னுரிமை தரும் ஓர் அமைப்பு உண்டு. அதில் வேகம் குறையாது, ஆனால் சேர்ந்த படம் மட்டும்தான் சேமிக்கப்படும், தனித்தனிப் படங்கள் போய்விடும். தெரியாமல் ஒரு மாலை முழுக்க அப்படி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூலப் படங்களைத் தேடியவன் நான்.

"நீங்க சொன்ன மாதிரியே எடுத்தேன். ஆறு பறவையும் ஒரே மாதிரி இறக்கையைத் தூக்கிட்டு நிக்குது. ஸ்டாம்பு குத்தின மாதிரி இருக்கு."

அழகான பிழை இது. பறவை வினாடிக்கு 5 தடவை சிறகடிக்கிறது, நீங்களும் வினாடிக்கு 5 படம் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் இறக்கை அதே நிலைக்கு வந்து சேரும்போது ஷட்டர் திறக்கிறது. சினிமாவில் வண்டிச் சக்கரம் நின்றுபோனது போலத் தெரியுமே, அதே கதை. வேகத்தை 6 அல்லது 7 என்று மாற்றுங்கள், இறக்கை மேலே, நடுவில், கீழே என்று மாறி மாறி விழும். சரியாக இரண்டு மடங்காக 10 என்று வைத்தால் இரண்டே நிலைகள் மாற்றி மாற்றி வரும், அதுவும் சலிப்புத்தான்.

என் பழக்கம், தொடர் வேகத்தை விட்டுவிட்டு விரலால் ஒவ்வொன்றாக அழுத்துவது. பெரிய பறவைகளுக்கு இது தாராளமாகப் போதும். இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக வரும். அந்த ஒழுங்கின்மைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

"பறவை உருவத்துக்குள்ள இலை, மரப்பட்டை எல்லாம் நிறைஞ்சு இருக்கும் படம் எப்படி?"

மாரேயின் கறுப்புத் திரையை இங்கே பறவைக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். முதல் தடவை, வெளுத்த வானத்தின் முன்னால் பறவையை முழுக் கறுப்பு நிழலுருவமாக எடுங்கள். வானம் வெளுத்து, எந்தத் தகவலும் இல்லாத வெள்ளையாக இருக்கட்டும். இரண்டாவது தடவை இலைகளையோ இறகையோ நீர்ப்பரப்பையோ சட்டம் நிறைய எடுங்கள். வெள்ளையின் மேல் எதைக் கூட்டினாலும் வெள்ளைதான், கறுப்பு காலி இடம். இலைகள் பறவைக்குள் மட்டும் முளைக்கும். அடிட்டிவ், பிரைட் இரண்டிலும் வரும், பிரைட்டில் ஓரங்கள் எனக்குச் சுத்தமாகத் தெரிகின்றன.

இதைத் தலைகீழாகவும் செய்யலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்கு. இரண்டாவது தடவை அதே இலைகள். மோடு மட்டும் டார்க். கறுப்புப் பின்னணி கறுப்பாகவே நிற்கும், கொக்கின் வெள்ளை உடம்பில் இலை நரம்புகள் பச்சை குத்தியது போல வரும். முதல் முறையைவிட எனக்கு இதுதான் விருப்பம்.

நிரப்பும் படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மீன்கொத்திக்குள் பூந்தோட்டம் எதற்கு? அது உட்கார்ந்திருந்த நீரின் அலையை வைத்தால் பார்க்கிறவர் ஒரு கணம் நின்று பார்ப்பார்.

"வானம் நீலமா இருந்துச்சு. இலையெல்லாம் வானம் பூரா பரவிடுச்சு. என்ன தப்பு?"

நீலம் வெள்ளை அல்ல, அதில் இன்னும் இடம் மிச்சமிருக்கிறது. இலையின் வெளிச்சமான பகுதிகள் அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. மேகமூட்டமான நாளைத் தேர்ந்தெடுங்கள், அல்லது முதல் தடவையை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் அதிகமாக எடுங்கள். மிகவும் கூட்டினால் மெல்லிய வால் இறகு, கால் எல்லாம் வெள்ளைக்குள் கரைந்துவிடும், அலகு நுனியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் வரிசையை டார்க்கில் எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

"உட்கார்ந்திருக்கிற பறவைக்கு இதுல என்ன வேலை?"

நிறைய. எளிதானது, ஒரு தடவை கூர்மையாகவும் ஒரு தடவை ஃபோகஸை விலக்கியும் எடுத்து ஆவரேஜில் சேர்ப்பது. கண்ணும் இறகும் கூர்மையாக இருக்க, சுற்றிலும் ஒரு மென்மை படரும். ஃபோகஸை விலக்கும்போது உருவம் கொஞ்சம் பெரிதாகலாம், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம், ஒளிவட்டம் போல அமையும்.

இன்னொன்று, பறவையை ஒரு தடவை நிலையாக எடுத்துவிட்டு, அடுத்த நாலைந்து தடவை கேமராவை இம்மி இம்மியாக மேலே நகர்த்தி எடுப்பது. நாணல்கள் தூரிகைக் கோடுகள் போலாகும். ஆனால் முன்னே சொன்ன ஐந்தில் ஒரு பங்குக் கணக்கு இங்கேயும் உண்டு: பறவையின் முகம் எல்லாத் தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இல்லையென்றால் கரைந்துவிடும். முகத்தை அச்சாக வைத்துக் கேமராவைச் சற்றே சுழற்றினால், முகம் நின்று சுற்றுப்புறம் சுழலும். பத்தில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம். கூட்டமாக நிற்கும் பூநாரைகளுக்கு இத்தனை கவனம்கூட வேண்டாம், எந்தக் கழுத்து யாருடையது என்று தெரியாமல் போவதே அங்கே அழகு.

"நிலாவைப் பெருசா எடுத்து, முன்னாடி பறவை பறக்கிற மாதிரி சேர்க்கலாமா?"

முடியும், மோடு தவறினால் எல்லாம் தவறும். நிலா இருக்கும் படத்தில் வானம் கறுப்பு. முழு நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப்/11, 1/100 வினாடி என்று தொடங்கிச் சரிசெய்துகொள்ளலாம். பறவை நிலாவுக்குப் பக்கத்தில், மங்கிய அந்தி வானத்தில் இருக்க வேண்டுமென்றால் பிரைட். ஆனால் பறவை நிலாவின் மேல் விழுந்துவிடக் கூடாது, விழுந்தால் கறுப்புப் பறவைக்குள் நிலா தெரியும். நிலா வட்டத்துக்குள்ளேயே பறவை வேண்டுமென்றால் டார்க், வட்டத்துக்கு வெளியே எல்லாம் கறுப்பாகிவிடும்.

நிலாவை ஒரு லென்ஸிலும் பறவையை இன்னொரு லென்ஸிலும் எடுத்துச் சேர்த்தால் அதைப் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். இந்த வகையில்தான் ஏமாந்ததாக மக்கள் கோபப்படுகிறார்கள்.

"ரெண்டாவது காட்சியைத் தேடிப் போறதுக்குள்ள கேமரா தானா முடிச்சிடுது. என்ன செய்ய?"

சில கேமராக்கள் அரை நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் வரிசையை முடித்துவிடும். காத்திருப்பு நேரத்தை மெனுவில் நீட்டிக்கொள்ளுங்கள். கேனானிலும் இன்னும் சிலவற்றிலும் கார்டில் ஏற்கெனவே உள்ள ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை) முதல் படமாக எடுத்துக்கொண்டு அதன் மேல் தொடரலாம். நிழலுருவங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பொருத்தமான இலையைப் பார்க்கும்போது நிரப்புவது என் வழக்கம்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? லேயர் போட்டு வீட்டிலேயே செஞ்சிடலாமே?"

செய்யலாம். ஃபோட்டோஷாப்பில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாய் அடுக்கி, பிரைட்டுக்கு லைட்டன், டார்க்குக்கு டார்க்கன் என்று வைக்க வேண்டும். ஆவரேஜுக்கு அடியிலிருந்து மேலாக 100, 50, 33, 25 என்று லேயர்களின் ஒளிபுகா அளவைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். எல்லாவற்றுக்கும் 50 வைத்துவிட்டு மேல் லேயர்தான் தூக்கலாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. பறவை போன பாதையே ஒரு கயிறு போல, ரிப்பன் போலத் தெரியும் படங்கள் இப்படி மென்பொருளில் சேர்த்துத்தான் உருவாகின்றன. பார்சிலோனாவைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ஷாவி போவ் இதில் பெயர்பெற்றவர். அத்தனை நெருக்கமான வரிசைக்கு கேமராவின் 9, 10 தடவை போதவே போதாது.

ஆனால் கேமராவில் செய்யும்போது கிடைக்கும் ஒன்று வீட்டில் கிடைக்காது. முதல் படம் திரையில் மங்கலாகத் தெரிய, அதற்கு ஏற்ற இரண்டாவதைக் கண் தேடத் தொடங்கும். தொடங்கியவுடன் சுற்றிலும் இருப்பது வேறு மாதிரித் தெரியும். கற்றுக்கொள்ளும் முதல் சில மாதங்கள் கேமராவிலேயே செய்யுங்கள் என்பேன்.

"இதைப் போட்டிக்கு அனுப்பலாமா? நேச்சர் பிரிவுல தள்ளிட்டாங்க."

தள்ளத்தான் செய்வார்கள். பிஎஸ்ஏ, ஃபியாப், ஆர்பிஎஸ் ஆகிய புகைப்பட அமைப்புகளின் பொதுவான நேச்சர் வரையறையில் எச்டிஆருக்கும் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்ததைச் சேர்ப்பது) ஃபோகஸ் ஸ்டேக்கிங்குக்கும் (வெவ்வேறு ஃபோகஸில் எடுத்ததைச் சேர்ப்பது) அனுமதி உண்டு. காட்சியில் எதையும் சேர்ப்பது, நகர்த்துவது, நீக்குவது கூடாது. ஒரு நாரையை ஏழாகக் காட்டுவது சேர்ப்பதுதானே. ஓப்பன், கிரியேட்டிவ் போன்ற பிரிவுகள் இதற்கு இருக்கின்றன. ஒவ்வொரு போட்டியின் விதியையும் படித்துவிட்டு அனுப்புங்கள், மூலப் படங்களையும் பத்திரமாக வைத்திருங்கள், கேட்பார்கள்.

"ஃபிளாஷ் போட்டு ஸ்ட்ரோப் மாதிரி எடுக்கலாமா? இல்ல கூட்டத்தைக் கிளப்பிவிட்டா நிறைய பறவை ஒரே நேரத்துல கிடைக்குமே?"

இரண்டாவதற்கு ஒரே பதில்: கூடாது. இளைப்பாறும் பறவையைக் கிளப்புவது அது சேர்த்து வைத்த தெம்பை வீணாக்குவது. இந்த உத்தியே கூட்டம் இல்லாமல் கூட்டத்தைக் காட்டுவதற்குத்தான், ஒன்றை வைத்தே ஒன்பது பண்ணலாம். ஸ்ட்ரோப் ஃபிளாஷ் இருட்டில்தான் வேலை செய்யும், இருட்டில் பறக்கும் ஆந்தையின் முகத்தில் வரிசையாக மின்ன வைப்பது எனக்கு ஒப்பாது. கூட்டின் அருகில் வேண்டவே வேண்டாம்.

"பின்னணி பாதி மரம், பாதி வானம். பறவை இதிலிருந்து அதுக்குப் போகுது. எந்த மோடுமே சரியா வரல."

வராது. சாம்பல் நிறப் பறவை, நடுத்தரப் பின்னணி என்றாலும் இதே சிக்கல்தான். பிரைட்டில் வானத்தின் முன்னால் உள்ளவை மறையும், டார்க்கில் மரத்தின் முன்னால் உள்ளவை மறையும். எல்லாம் தெரிய வேண்டுமென்றால் தனித்தனியாக எடுத்து லேயரில் வேண்டாத பகுதியை மறைக்கும் முகமூடி (மாஸ்க்) போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

அல்லது மறையட்டும் என்று விட்டுவிடலாம். வெள்ளைக் கொக்கு, இருண்ட மரக்கூட்டம், அதற்கு மேல் வெளுத்த வானம், பிரைட் மோடு, ஏழு தடவை. மரத்தின் முன்னால் நாலு கொக்குகள் பளிச்சென்று இருந்தன. விளிம்பைக் கடந்த ஐந்தாவதற்குப் பாதிச் சிறகு மட்டும் இருந்தது. ஆறாவதும் ஏழாவதும் வானத்தில் இல்லவே இல்லை. அழிக்கப் போன விரலை எடுத்துவிட்டேன்.